தரையில் படுத்துத் தூங்கிய பிரிகேடியர்

கவுன்சலிங் சாய்ஸ் ஃபில்லிங் செய்த அந்த ராத்திரியை உங்களில் பாதிப் பேர் இன்னும் மறந்திருக்க மாட்டீங்க. எந்தக் காலேஜை மேலே போடுறது, எந்த பிராஞ்சைக் கீழே தள்ளுறது என்று வீடே உட்கார்ந்து யோசித்திருக்கும். மாமா ஒண்ணு சொல்வார், பக்கத்து வீட்டு அண்ணன் வேற ஒண்ணு சொல்வார். கடைசியில் லாக் பட்டனை அழுத்தும்போது கை லேசாக நடுங்கும். இத்தனைக்கும் அது நாலே வருஷ விஷயம்.

1947-ன் நடுவில், அன்றைய இந்திய ராணுவத்தில் இருந்தவர்களுக்கும் ஒரு சாய்ஸ் வந்தது. இருந்தது ரெண்டே ரெண்டு. இந்தியா, இல்லைன்னா பாகிஸ்தான்.

நாடு பிரிந்த கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். ராணுவம் பிரிந்த கதை அவ்வளவாகத் தெரியாது. ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ரெஜிமென்ட்கள், பீரங்கிகள், வண்டிகள், மேஜை நாற்காலிகள் வரைக்கும் பங்கு போட்டார்கள். ஆட்களையும் பங்கு போட வேண்டியிருந்தது. அதற்கு ஒரு விதி வைத்தார்கள். பாகிஸ்தானுக்குப் போகும் பகுதியில் பிறந்த முஸ்லிம் இந்தியாவைத் தேர்ந்தெடுக்க முடியாது. இந்தியப் பகுதியில் பிறந்த முஸ்லிம் அல்லாதவர் பாகிஸ்தானைத் தேர்ந்தெடுக்க முடியாது. மற்றவர்கள் இஷ்டப்படி எழுதலாம். அதாவது உத்தரப் பிரதேசத்திலோ பீகாரிலோ மெட்ராஸிலோ பிறந்த ஒரு முஸ்லிம் அதிகாரிக்கு ரெண்டு கதவும் திறந்திருந்தது. இந்த ரெண்டு கதவு விஷயம் குடும்பங்களையே கூறு போட்டது. ராம்பூர் அரச வம்சத்து அண்ணன் தம்பியில் சாகிப்ஜாதா யூனுஸ் கான் இந்தியா என்றார், பின்னாளில் பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சராக ஆன சாகிப்ஜாதா யாகூப் கான் பாகிஸ்தான் என்றார்.

அந்த இரண்டு கதவுக்கு முன்னால் நின்ற இன்னொருவர்தான் முகமது உஸ்மான். அப்போது அவருக்கு வயது 35. இந்தியா என்று எழுதினார். அதற்குப் பிறகு அவர் உயிரோடு இருந்தது ஒரு வருஷத்துக்கும் குறைவு.

கொஞ்சம் பின்னால் போவோம்.

1912 ஜூலை 15. இன்றைய உத்தரப் பிரதேசத்தின் மவு மாவட்டத்தில் பீபிபூர் என்ற ஊர். அப்போது அது ஆசம்கர் மாவட்டத்தில் இருந்தது. அப்பா முகமது ஃபரூக் போலீஸ் அதிகாரி, காசியில் கோத்வாலாக இருந்தவர். பையன் காசியிலேயே படித்தான். பன்னிரண்டு வயதில், கிணற்றில் விழுந்த ஒரு குழந்தையைக் காப்பாற்ற உள்ளே குதித்தான் என்று ஒரு சம்பவத்தை அவரைப் பற்றி எழுதிய எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. உஸ்மானுக்குத் திக்குவாய் உண்டு.

பிளேஸ்மென்ட் சீசனில் ஜிடி ரூமுக்கு வெளியே நின்றவர்களுக்கு இது புரியும். பேச்சு தடுமாறும் ஒரு பையன், கத்திக் கட்டளை போடுவதே வேலையாக இருக்கிற ராணுவத்தில் அதிகாரியாக ஆசைப்படுகிறான். அதுவும் 1930-களின் தொடக்கத்தில், வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் தேர்வுக் குழுவுக்கு முன்னால். தேர்வாகிவிட்டார். இங்கிலாந்தில் இருக்கும் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரிக்கு 1932-ல் போனார். இந்தியர்களுக்கு அங்கே அதுதான் கடைசி பேட்ச். அதே வருஷம் டேராடூனில் இந்திய ராணுவக் கல்லூரி திறந்துவிட்டதால் பிறகு வந்தவர்கள் அங்கே போனார்கள். அந்த டேராடூன் முதல் பேட்ச்சில் ரெண்டு பெயரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க, பிறகு தேவைப்படும். ஒருவர் சாம் மானெக்‌ஷா. இன்னொருவர் முகமது மூசா.

1934 பிப்ரவரியில் உஸ்மான் அதிகாரி ஆனார். ஒரு வருஷம் பிரிட்டிஷ் படைப்பிரிவு ஒன்றில் இருந்துவிட்டு, 1935-ல் பத்தாவது பலூச் ரெஜிமென்ட்டில் சேர்ந்தார். பெயர்தான் பலூச். உள்ளே பஞ்சாபி முஸ்லிம்கள், பட்டாணியர்கள், டோக்ரா இந்துக்கள் எல்லாரும் இருந்தார்கள். ஒரே பட்டாலியனில் ஒரு கம்பெனி முஸ்லிம், பக்கத்துக் கம்பெனி இந்து என்பதுதான் அன்றைய அமைப்பு. சமையல்கட்டு தனி, கும்பிடும் இடம் தனி. சண்டை என்று வந்தால் ஒருத்தருக்கு ஒருத்தர் முதுகைக் காக்க வேண்டும். பிரிட்டிஷ்காரன் இதை ஒற்றுமைக்காகச் செய்யவில்லை, ஒருவரை வைத்து மற்றவரைச் சமன் செய்யத்தான் செய்தான். ஆனாலும் பத்துப் பன்னிரண்டு வருஷம் அப்படி ஒரு இடத்தில் வேலை பார்த்த அதிகாரிக்கு வேறு வேறு மதத்து ஆட்களையும் கூட்டிக்கொண்டு போவது பழக்கமாகியிருந்தது. வடமேற்கு எல்லையில் மொஹ்மந்த் பகுதிச் சண்டை, குவெட்டா ஸ்டாஃப் காலேஜ், பிறகு ஜப்பானியர்களுக்கு எதிராக பர்மா, 1945-ல் பலூச் ரெஜிமென்ட்டின் ஒரு பட்டாலியனுக்கே தலைமை. இவ்வளவும் முடித்துவிட்டுத்தான் 1947-க்கு வருகிறார்.

பிரிவினையில் பலூச் ரெஜிமென்ட் அப்படியே பாகிஸ்தானுக்குப் போனது. அவருடைய மெஸ், அவருடைய கொடி, அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்ட சிப்பாய்கள் பெரும்பாலோர் எல்லாம் அந்தப் பக்கம். அவரையும் வரச் சொன்னார்கள். ஜின்னாவும் லியாகத் அலி கானும் நேரடியாகவே பேசிப் பார்த்தார்கள், ஒருநாள் ராணுவத் தளபதி ஆகலாம் என்று ஆசை காட்டினார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. மிகைப்படுத்தல் என்று தோணுதா? இப்போ அந்த ரெண்டு பெயரை எடுங்க. உஸ்மானுக்குப் பின்னால் அதிகாரியான மூசா 1958-ல் பாகிஸ்தான் ராணுவத்தின் தலைமைத் தளபதி ஆனார். புதிய ராணுவம், மேலே ஆள் பற்றாக்குறை. போயிருந்தால் உஸ்மான் அந்த நாற்காலிக்குப் பக்கத்திலாவது வந்திருப்பார் என்று சொல்ல ஜோசியம் பார்க்க வேண்டாம், சீனியாரிட்டி லிஸ்ட்டைப் பார்த்தால் போதும். இந்தப் பக்கத்தில் மானெக்‌ஷா 1969-ல் தளபதி ஆனார். அவருடைய ரெஜிமென்ட்டும் பாகிஸ்தானுக்குப் போனதுதான்.

உஸ்மான் போகவில்லை. பலூச் அடையாளத்தைக் கழற்றிவிட்டு டோக்ரா ரெஜிமென்ட்டுக்கு மாற்றப்பட்டார். அவருடைய தம்பி குஃப்ரானும் இந்திய ராணுவத்திலேயே இருந்து பிரிகேடியர் வரை உயர்ந்தார்.

ஏன் போகவில்லை என்று அவர் விளக்கம் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. நாமும் அவர் வாயில் வசனம் வைக்க வேண்டாம். அவர் என்ன செய்தார் என்று பார்க்கலாம்.

1947 அக்டோபர் கடைசியில் காஷ்மீர் சண்டை தொடங்கியது. பழங்குடிப் படைகள் உள்ளே வந்ததும், மகாராஜா இந்தியாவோடு இணைந்ததும், ஸ்ரீநகருக்கு விமானத்தில் படை இறங்கியதும் நிறையப் பேருக்குத் தெரிந்த பகுதி. அதே நேரத்தில் தெற்கே, ஜம்முவுக்கு மேற்கே உள்ள மலைகளில் நடந்தது அதிகம் பேசப்படாத பகுதி. நவம்பர் கடைசியில் மீர்பூர் விழுந்தது. அங்கே இந்துக்களும் சீக்கியர்களும் கொத்துக் கொத்தாகக் கொல்லப்பட்டார்கள். அதற்குச் சில வாரம் முன்னால் ஜம்மு பக்கம் முஸ்லிம்கள் அதே மாதிரி கொல்லப்பட்டிருந்தார்கள். ரெண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த டிசம்பர் எப்படி இருந்திருக்கும் என்று புரியும். வழியெல்லாம் அகதிகள். பஞ்சாபிலிருந்து வந்த சிப்பாய்களில் பலர் வீடு எரிந்தவர்கள், குடும்பம் எங்கே என்று தெரியாதவர்கள்.

அப்படி ஒரு சூழலில், 50-வது பாராசூட் பிரிகேடுக்குத் தலைமை ஏற்க உஸ்மான் அனுப்பப்பட்டார். அதில் இருந்தவர்கள் மராத்தாக்கள், ராஜபுத்திரர்கள், பாட்டியாலா சீக்கியர்கள். எதிரில் துப்பாக்கி பிடித்து நிற்பவர்கள் முஸ்லிம்கள். புது கமாண்டரும் முஸ்லிம். பிரிகேடில் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு அவரை நம்பியிருப்பார்கள் என்று எனக்குத் தோணல. நீங்களே அந்தச் சிப்பாய் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்க. மூணு மாசத்துக்கு முன்னாடி ஊரில் கலவரம். இப்போ மலை உச்சியில் ராத்திரி காவல். கீழே இருந்து உத்தரவு போடுகிறவர் பெயர் முகமது உஸ்மான்.

போதாததற்கு, அவர் வந்த சமயமே கெட்ட சமயம். கிறிஸ்துமஸை ஒட்டி ஜங்கர் கைவிட்டுப் போனது.

ஜங்கர் ஏன் முக்கியம் என்று நம்ம பாஷையில் சொல்றேன். கிராஃப் தியரியில் ஒரு நோடை நீக்கினால் மொத்த நெட்வொர்க்கும் துண்டாகிவிடும் என்று படிக்கிறோமே, ஜங்கர் அப்படி ஒரு நோடு. மீர்பூரிலிருந்து வரும் ரோடும் கோட்லியிலிருந்து வரும் ரோடும் அங்கேதான் சேர்ந்து நௌஷேராவுக்கு இறங்குகின்றன. நௌஷேரா ஒரு கிண்ணத்தின் அடிப்பகுதி மாதிரி, சுற்றிலும் மலை. ஜங்கர் எதிரியிடம் இருந்தால் அடுத்தது நௌஷேரா. நௌஷேரா விழுந்தால் ஜம்முவுக்குப் போகும் வழி திறக்கும்.

ஜங்கரைத் திரும்பப் பிடிக்கும் வரைக்கும் கட்டிலில் படுக்க மாட்டேன் என்று உஸ்மான் சபதம் எடுத்தார். ஜம்மு மலையில் டிசம்பர், ஜனவரி மாசத்துக் குளிரில் பிரிகேடியர் தரையில் பாயை விரித்துத் தூங்கினார். சபதம் என்றாலே நமக்குக் கூந்தலை முடியாத பாஞ்சாலி ஞாபகம் வரும். இவர் சபதத்தில் அவ்வளவு நாடகம் இல்லை. ஆனால் ஒன்று கவனிங்க. பாசறையில் எல்லாரும் தரையில்தான் படுக்கிறார்கள். பெரிய அதிகாரியும் அதையே செய்தால் சிப்பாய்க்குத் தானாகத் தெரியும். மேடை போட்டு விசுவாசத்தை நிரூபிக்க அவர் போகவில்லை.

நௌஷேராவில் ஆயிரக்கணக்கில் அகதிகள் அடைந்திருந்தார்கள், சாப்பாடு தட்டுப்பாடு. வாரத்தில் செவ்வாய்க்கிழமை பிரிகேட் முழுவதும் பட்டினி இருந்து, மிச்சமாகும் ரேஷனை அந்த ஜனங்களுக்குக் கொடுக்க உஸ்மான் உத்தரவிட்டார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பிரிகேடில் ஒருவரை ஒருவர் பார்த்தால் ஜெய் ஹிந்த் சொல்லிக்கொள்ளும் வழக்கத்தைக் கொண்டு வந்ததும் அவர்தான் என்கிறார்கள். ஒவ்வொரு சாதிக்கும் மதத்துக்கும் தனித்தனி வணக்கம், தனித்தனிப் போர் முழக்கம் வைத்திருந்த ராணுவத்தில் இது சின்ன மாற்றம் இல்லை.

இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்த அகதிகளில் அப்பா அம்மாவை இழந்த சின்னப் பையன்கள் நிறைய. ஆறு வயசு, எட்டு வயசு, பன்னிரண்டு வயசு. பெரும்பாலும் முஸ்லிம் படைகளால் அநாதையாக்கப்பட்ட இந்து, சீக்கியக் குழந்தைகள். அவர்களை ஒன்று சேர்த்து பாலக் சேனா என்று பெயர் வைத்து, சாப்பாடும் படிப்பும் பயிற்சியும் கொடுக்க ஏற்பாடு செய்தார் உஸ்மான். சண்டை நேரத்தில் அந்தப் பையன்களில் சிலர் குண்டுகளுக்கு நடுவே செய்தி கொண்டு ஓடினார்கள். பிறகு மூன்று பேருக்கு நேரு தங்கக் கடிகாரம் கொடுத்தார். குழந்தைகளை யுத்தக் களத்தில் ஓட விட்டது சரியா என்று இன்று நாம் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். எல்லாப் பக்கமும் முற்றுகையில் இருந்த ஊர் அது, அனுப்பி வைக்கப் பாதுகாப்பான இடம் இல்லை என்பதையும் சேர்த்துக்கொண்டு கேளுங்க. உஸ்மான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சம்பளத்தில் பெரும் பகுதி ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குப் போனது.

1948 ஜனவரியில் லெப்டினன்ட் ஜெனரல் கரியப்பா அந்தப் பகுதியின் பொறுப்பை ஏற்றார். நௌஷேராவுக்கு வந்தவர், கோட் என்ற மேட்டுக் கிராமத்தைப் பிடித்துத் தனக்குப் பரிசாகத் தரச் சொன்னார். நௌஷேராவை எட்டிப் பார்க்கும் இடத்தில் இருந்தது கோட். அங்கே எதிரி உட்கார்ந்திருக்கும் வரைக்கும் கீழே ஒரு மாட்டு வண்டி நகர்ந்தாலும் தெரியும். பிப்ரவரி 1-ம் தேதி கோட் கைக்கு வந்தது. அதற்கு ஐந்தே நாள் கழித்து, பிப்ரவரி 6 விடியற்காலையில், ஆயிரக்கணக்கானவர்கள் நௌஷேராவைப் பல பக்கமும் தாக்கினார்கள். கோட் அதற்கு முன்னாலேயே நம் கைக்கு வந்திராவிட்டால் அன்றைக்குக் கதையே வேறு.

அன்று அதிகக் கடுமையான இடம் டைன் தார் என்ற மேடு. அங்கே ஒரு காவல் முனையில் இருந்தது ஒன்பது பேர். தலைமை நாயக் ஜதுநாத் சிங். மூணு முறை தாக்கினார்கள், மூணு முறையும் அவர் திருப்பி அடித்தார், கடைசியில் தனி ஆளாக நின்று விழுந்தார். அவருக்குப் பரம் வீர் சக்ரா. அவர் வாங்கிக் கொடுத்த நிமிடங்களில் உஸ்மான் அனுப்பிய படை அங்கே போய்ச் சேர்ந்தது. நமது பீரங்கிகள் மலைச் சரிவில் ஏறி வந்தவர்களைச் சிதறடித்தன. நாள் முடியும்போது நம் பக்கத்தில் இறந்தவர்கள் 33 பேர். எதிர்ப் பக்கத்தில் அதைப் போலப் பல மடங்கு. அந்தப் போர்முனையில் அதுவரைக்கும் நடந்த சண்டைகளில் அவ்வளவு பெரிய தோல்வியை அவர்கள் பார்த்ததில்லை.

உஸ்மான் பெயர் நாடு முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது. நௌஷேராவின் சிங்கம் என்று பட்டம். அந்தப் பக்கத்தில் அவர் தலைக்கு 50,000 ரூபாய் பரிசு அறிவித்தார்கள் என்று சொல்லப்படுகிறது. ஒரு சிப்பாயின் மாசச் சம்பளம் நூறு ரூபாயைத் தொடாத காலம்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனசு வரல. ஆகஸ்ட் 15 நெருங்கினால் உஸ்மானைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஃபார்வர்ட் வரும். முஸ்லிமாக இருந்தும் இந்தியாவுக்காகப் போராடினார் என்கிற தொனியில். அந்த இருந்தும் என்ற சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்க. தமிழ் இலக்கண வகுப்பில் தூங்கியவர்களுக்கும் அந்த உம் என்ன வேலை செய்கிறது என்று தெரியும். மழை பெய்தும் வந்தான் என்றால், மழை பெய்தால் வரமாட்டான் என்று எதிர்பார்த்தோம் என்று அர்த்தம். ஜதுநாத் சிங்கைப் பற்றி எழுதும்போது யாரும் ராஜபுத்திரராக இருந்தும் என்று எழுதுவதில்லை. பாராட்டுகிற வேகத்தில்கூட அந்த ஒரு உம் உள்ளே புகுந்து உட்கார்ந்துவிடுகிறது. மற்றவர்களுக்கு ஒரு பேப்பர் எழுதினால் பாஸ், இவருக்கு மட்டும் கூடுதலாக ஒரு பேப்பர். உஸ்மான் அந்த இன்னொரு பேப்பரையும் எழுதினார், சதம் வாங்கினார். ஆனால் அதை அவருக்கு வைத்தது நியாயமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அவருக்கு எதிர்ப் பக்கத்துச் சிக்கலும் இருந்தது. காஷ்மீர் படையெடுப்பை ஜெனரல் தாரிக் என்ற புனைபெயரில் நடத்திய அக்பர் கான், பர்மாவில் அதே இந்திய ராணுவத்தில் போரிட்டுப் பதக்கம் வாங்கியவர். பலூச் ரெஜிமென்ட் இப்போது எதிரி ராணுவத்தில். நேற்று வரை ஒரே மேஜையில் சாப்பிட்டவர்களின் பீரங்கி இன்று உங்களை நோக்கித் திரும்பியிருக்கிறது. அவர்கள் கண்ணில் உஸ்மான் மதத்துக்குத் துரோகி. இந்தப் பக்கம் சந்தேகம், அந்தப் பக்கம் வசை. நடுவில் ஒரு மனுஷன் மேப்பை விரித்துவைத்து ஜங்கருக்கு எந்த வழியாக ஏறலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச்சில் ஏறினார்கள். மழை, சேறு, கண்ணிவெடிகள். ஒவ்வொரு மேடாகப் பிடித்துப் போக வேண்டியிருந்தது. கிளம்புவதற்கு முன்னால் உஸ்மான் தன் வீரர்களுக்கு ஒரு செய்தி எழுதி அனுப்பினார், அதில் ஓர் ஆங்கிலக் கவிதையின் வரிகளும் இருந்தன. மார்ச் 18-ம் தேதி ஜங்கர் திரும்ப நம் கைக்கு வந்தது.

அன்று ராத்திரி பிரிகேடியர் கட்டிலில் படுக்கலாம். ஆனால் தலைமையகத்தில் கட்டிலே இல்லை! பக்கத்துக் கிராமத்தில் ஒரு வீட்டிலிருந்து கயிற்றுக் கட்டில் ஒன்றைக் கடன் வாங்கிக்கொண்டு வந்து போட்டார்கள். கிட்டத்தட்ட மூணு மாசத்துக்குப் பிறகு அதில் தூங்கினார்.

ஜங்கரைப் பிடித்ததோடு முடியவில்லை. பாகிஸ்தானின் முறையான ராணுவமே இப்போது களத்தில் இறங்கியது. மே மாசத்தில் ஜங்கரைத் திரும்பப் பிடிக்கப் பெரிய முயற்சி நடந்தது, பலிக்கவில்லை. பிறகு தினமும் பீரங்கித் தாக்குதல்.

ஜூலை 3, சாயங்காலம் ஆறு மணிக்குச் சற்று முன். உஸ்மான் தன் அதிகாரிகளோடு வழக்கமான கூட்டத்தை முடித்திருந்தார். குண்டுகள் விழ ஆரம்பித்தன. எல்லாரும் பாறை மறைவுக்கு ஒதுங்கினார்கள். அங்கே நின்றபடியே எதிரியின் பீரங்கிகளை எப்படி அடக்குவது என்று பார்த்துக்கொண்டிருந்தார். 25 பவுண்டர் குண்டு ஒன்று பக்கத்தில் வந்து விழுந்தது. பவுண்டர் என்பது குண்டின் எடையை வைத்து வந்த பெயர், பதினோரு கிலோவுக்குச் சற்று மேல், பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம் போகும். இந்திய ராணுவத்தை இரண்டாகப் பிரித்தபோது அந்த வகைப் பீரங்கிகளையும் ரெண்டு பக்கமும் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

36-வது பிறந்தநாளுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அந்தப் போரில் களத்தில் இறந்த இந்திய அதிகாரிகளில் பதவியில் மிக உயர்ந்தவர் அவர்தான்.

உடலை ஜம்முவுக்கும் அங்கிருந்து டெல்லிக்கும் கொண்டு வந்தார்கள். முழு அரசு மரியாதை. கவர்னர் ஜெனரல் வந்திருந்தார். யார் தெரியுமா? நம்ம ராஜாஜி. மவுண்ட்பேட்டன் கிளம்பிப் போய் அந்தப் பொறுப்பை அவர் ஏற்று ரெண்டு வாரம்தான் ஆகியிருந்தது. பிரதமர் நேரு, மௌலானா ஆசாத், ஷேக் அப்துல்லா எல்லாரும் இருந்தார்கள். ஓக்லாவில், ஜாமியா மில்லியா இஸ்லாமியா பல்கலைக்கழகத்துக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். மகா வீர் சக்ரா மரணத்துக்குப் பின் வழங்கப்பட்டது.

பீபிபூருக்குப் பக்கத்து மாவட்டம் காஜிபூர். அங்கே தாமூபூர் என்ற ஊரில் ஒரு தையல்காரக் குடும்பத்துப் பையன் அப்போது பதினைந்தாவது வயசை முடித்திருந்தான். பெயர் அப்துல் ஹமீத். 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தரில், ஜீப்பில் பொருத்திய துப்பாக்கியை வைத்துக்கொண்டு பாட்டன் டாங்குகளை ஒவ்வொன்றாக உடைத்துவிட்டு அங்கேயே இறந்து, பரம் வீர் சக்ரா பெற்றவர் அவர்தான். அவரைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம், யாராவது அடுத்த இதழுக்கு எழுதுங்க.

2020 டிசம்பர் கடைசியில் உஸ்மானின் கல்லறைக் கல் உடைந்து கிடந்தது செய்தியானது. யாரோ சேதப்படுத்தியிருந்தார்கள். ராணுவம் தலையிட்டு ஒரு சில நாளில் அதைச் சீரமைத்தது. ஜங்கரில் அவர் விழுந்த பாறை இப்போது நினைவிடம். ஒவ்வொரு ஜூலையிலும் அங்கே படையினர் மலர் வளையம் வைக்கிறார்கள். அது எல்லைக் கோட்டுக்கு ரொம்பப் பக்கம், நீங்களும் நானும் நினைத்தவுடன் போக முடியாது. டெல்லிக் கல்லறைக்குப் போகலாம். இன்டர்ன்ஷிப்புக்கோ சிம்போசியத்துக்கோ அங்கே போகிறவர்கள் மெட்ரோவில் மெஜந்தா லைனைப் பிடித்து ஜாமியா மில்லியா இஸ்லாமியா ஸ்டேஷனில் இறங்குங்க. கேம்பஸ் பக்கம்தான். கல்லறைத் தோட்டம் எங்கே என்று கேட்டால் யாராவது வழி காட்டுவார்கள்.